பருவமும் மூலிகை நினைவும்

கிராமத்து முதியோரிடம் சென்று, அவர் அறிந்த மருந்துச் செடிகளின் பெயர்களைச் சொல்லுவித்து, சொல்லிய முறையே எழுதிக்கொள்ளுதல் மூலிகை ஆராய்ச்சியில் இன்று பெருவழக்காயுள்ள ஒரு முறை. அதற்கு ஓர் ஏடும் எழுதுகோலும் பொறுமையுமன்றி வேறு கருவி வேண்டுவதில்லை. முந்திச் சொல்லப்பட்ட பெயரும் பலராற் சொல்லப்பட்ட பெயரும் அவ்வூரவர் வாழ்வில் முதன்மை பெற்ற செடியைக் குறிப்பன என்று கொள்வர். இதுவரையில் ஏற்புடையதே. ஆயின், ஒருவர் சொல்லாது விட்ட பெயரை அவர் அறியாத பெயரென்றும், ஊரார் பலரும் சொல்லாது விட்டதை அவ்வூர் மறந்துவிட்ட பெயரென்றும் முடிவு கட்டும்போதுதான் இடர் விளைகின்றது. அப்பட்டியல் எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று கேட்போர் சிலரே. அவ்வினாவை யாழ்ப்பாணத்து நிலத்தையும் பருவத்தையும் முன்வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஆறென்னும் பெயருக்கு உரியது. சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி நிற்கும் மழைநீரே கிணறுகள் வாயிலாக நம்மை வாழ்விக்கின்றது. அம்மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலே பெய்து முடிகின்றது. தொல்காப்பியர் பெரும்பொழுது ஆறென வகுத்தாரேனும், எம்மூர்க் கமக்காரனுக்கு மாரி, கோடை என்னும் இரண்டுமே பொழுதுகளாம். வைகாசி முதல் சோளகம் புழுதியை வாரி வீசும். ஆவணி பிறக்கும்போது தரவைகள் கருகிக் கிடக்கும்.

முதன்மழை வீழ்ந்து இரண்டு மூன்று கிழமை செல்ல, அதே நிலம் வேறொரு நிலமாகின்றது. முற்றத்தோரத்திற் கீழ்க்காய்நெல்லியும் குப்பைமேனியும் முளைக்கின்றன. வேலிகளில் முடக்கொத்தானும் முசுட்டையும் மொசுமொசுக்கையும் படர்கின்றன. தூதுவளை புதுத் தளிர் விடுகின்றது. பற்றைகளின் இடையே கார்த்திகைப்பூ தன் சுடர்போன்ற இதழ்களை விரிக்கின்றது. தை கழிந்தபின் இவற்றுட் பல விதையாகியும் கிழங்காகியும் வேராகியும் நிலத்துள் ஒடுங்கிவிடுகின்றன. கோடையிற் கண்ணுக்கு எஞ்சுவன வேம்பு, புங்கு முதலிய மரங்களும், நொச்சி, ஆடாதோடை, எருக்கலை, கற்றாழை முதலியனவுமே.

எஞ்சும் இவற்றைக் குறித்து ஒன்று சொல்லவேண்டும். கோடையில் ஆடும் மாடும் பசுமையாகக் கண்டதையெல்லாம் மேய்ந்துவிடும். அவை வாய்வையாத செடிகளே தப்பும். ஆடாதோடை என்னும் பெயரே ஆடு தொடாமையால் வந்தது என்பர். எருக்கலையின் பாலை அஞ்சி மாடும் விலகும். ஆகவே, வெயிலுக்குத் தப்பியதும் ஆட்டுக்குத் தப்பியதும் ஆகிய செடிகளே ஆவணி மாதத்தில் ஒரு முதியவரின் கண்முன் நிற்பவை. அன்று அவரை வினவினால் அவர் நாவில் முதலில் வருவனவும் பெரும்பாலும் அவையேயாதல் வியப்பன்று. செம்மண் தோட்டமுடையார் நிலை சற்று வேறு. அவர் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கும் நீரிற் கரிசலாங்கண்ணியும் பொன்னாங்காணியும் வாய்க்காலோரத்திற் கோடையிலும் பிழைத்திருக்கும். கடலோரத்து மணற்பாங்கில் வாழ்வோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரே மாதத்தில், ஒரே வயதினரான இருவர் தரும் பட்டியல்கள் வேறுபடுமாயின், ஒருவர் அறிஞர், மற்றவர் அறியார் என்று எழுதுமுன் அவர்களுடைய கிணற்றையும் பார்த்தல் நன்று.

இனி, நினைவின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஒரு செய்தி மனத்திற் பதிந்தபோது உடனிருந்த குறிப்புகளே பின்னர் அதனை மீட்டுத்தரும் வாயில்கள் என்பது துல்விங், தொம்சன் என்னும் உளநூலறிஞர் 1973 இல் எடுத்துரைத்த கொள்கை. 1975 இல் கொடன், பாட்டலி என்னும் இருவர் ஸ்கொத்துலாந்திற் சுழியோடிகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தனர். நீரின்கீழ்க் கேட்ட சொற்களை நீரின்கீழும், கரையிற் கேட்டவற்றைக் கரையிலும் அவர்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தனர். இச்சோதனை பாடநூல்தோறும் இடம்பெற்றது. ஆயினும் 2021 இல் மூரே என்பார் அதனை மீளச் செய்தபோது அம்முடிபு கிடைக்கவில்லை. ஆதலின் அதன்மேற் பெருங்கட்டடம் எழுப்புதல் தகாது. நமக்கு அதனினும் பயன்படுவது அவ்விருவரும் 1980 இற் கண்ட பிறிதொன்று. சொற்களை நினைந்து சொல்லுமாறு கேளாது, காட்டிய சொல் முன் அறிந்ததோ எனக் கேட்டபோது, நீரென்றும் கரையென்றும் வேறுபாடு தோன்றவில்லை.

நினைவுகூர்தல் வேறு, இனங்காணுதல் வேறு. இவ்வேறுபாடே நம் பொருளுக்கு உயிர்நிலை. உடன் படித்தவர் பெயர்களைச் சொல்லுக என்றால் பத்துப் பன்னிரண்டோடு நின்றுவிடும் ஒருவர், வகுப்புப் படத்தைக் கையிற் கொடுத்தவுடன் இருந்தோர் நின்றோர் அனைவரையும் பட்டப்பெயருடன் கூறுவதைப் பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் எவரும் காணலாம். மூலிகைக்கு மாரிகாலமே அவ்வகுப்புப் படம். புறூவர் என்னும் ஆய்வாளர் 2002 இல், பட்டியல் சொல்வோர் தாம் நன்கு அறிந்தவற்றுள்ளும் பலவற்றை விட்டுவிடுவதையும், சொன்னவற்றை அவர்க்கே மெல்லப் படித்துக்காட்டி, 'இன்னும் ஏதும் உண்டோ' என வினவினால் விடுபட்டவற்றிற் பல வெளிவருவதையும் எடுத்துக்காட்டினார். பருவத்தின் இடையூறு இல்லாத பொருள்களிலேயே நிலை இதுவாயின், ஆண்டிற் பாதி நாள் மண்ணுள் மறைந்திருக்கும் பூண்டுகளின் செய்தியைச் சொல்லவேண்டா.

பிறநாட்டாரும் இதனை வேறொரு பக்கத்தால் அணுகியுள்ளனர். வடகீழ்ப் பிறேசிலிற் காட்டிங்கா என்னும் வறண்ட காடு பரந்து கிடக்கின்றது. கோடையில் இலையுதிர்ந்து மரங்கள் வெளிறி நிற்றலால், துப்பி மொழியில் வெண்காடு எனப் பொருள்படும் அப்பெயர் அமைந்தது. மழை சில மாதங்களே பெய்யும் அந்நிலத்தார், பூண்டுகளினும் மரப்பட்டைகளை மருந்துக்கு நாடுதல், அவை எக்காலத்தும் கிடைப்பதனாலாகலாம் என்னும் கருத்தைப் பேர்னம்புக்கோ மாநிலத்து ஆய்வாளர் அல்புக்கேர்க்கே 2006 இல் ஆராய்ந்தார். அதற்கு முன்னர், 1993 இல், பெரு நாட்டுத் தம்போபாட்டாக் காட்டை ஆராய்ந்த பிலிப்ஸ், ஜென்றி என்போர், கண்ணுக்கு எளிதிற் புலனாகும் செடிகொடிகளே மக்கள் பயன்பாட்டில் மிகுதியும் இடம்பெறுமோ என்னும் வினாவை எழுப்பியிருந்தனர். இவை பயன்பாட்டைப் பற்றிய ஆராய்ச்சிகள். பெயர் சொல்லுதலும் பயன்படுத்தலும் ஒன்றெனக் கொண்டு நம்மவர் சிலர் இவற்றை அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது. ஆவணியிற் கீழ்க்காய்நெல்லியின் பெயரைச் சொல்லாத ஒருத்தி, கார்த்திகையிற் காமாலை கண்ட பேரனுக்கு அதனைப் பிடுங்கி அரைத்துப் பாலிற் கலந்து கொடுத்துக்கொண்டிருப்பாள்.

செடிக்கு மட்டுமன்றி நோய்க்கும் பருவம் உண்டு. மாரியிற் சளியும் இருமலும் வீடுதோறும் புகும். அக்காலத்தில் துளசியும் ஆடாதோடையும் தூதுவளையும் கற்பூரவள்ளியும் வினவாமலே பேச்சில் வரும். பங்குனி சித்திரை வெப்பத்தில் நீர்க்கடுப்பு வந்துவிட்டால் நெருஞ்சியும் நன்னாரியும் நினைவில் முன்நிற்கும். அம்மை கண்ட வீட்டிற்கு வேப்பிலையை எவரும் நினைவூட்டவேண்டியதில்லை. டெங்கு பரவும் மார்கழி தை மாதங்களிற் பப்பாசியிலைச் சாற்றின் பேச்சு ஊரெங்கும் அடிபடுவதும் இவ்வாறே. (அச்சாறு மருத்துவமனைச் சிகிச்சைக்கு ஈடாகாது என்பதை ஈண்டுச் சொல்லிவைத்தல் கடமை.) எனவே கோடையிலே மூலிகை கேட்கச் செல்பவர் செடியையும் காணார், அச்செடிக்குரிய நோயையும் காணார். இரண்டு வாயில்களும் அடைத்த வீட்டின் முன்நின்று, உள்ளே ஆளில்லை என்று திரும்புவார் அவர்.

பருவத்துக்குக் கட்டுப்படாத மருந்தறிவும் உண்டு. பிள்ளைப்பேறு மாதம் பார்த்து நிகழ்வதன்று. ஆதலின் பிள்ளைபெற்றாளுக்குச் சமைக்கும் சரக்குக்கறிக்கு வேண்டிய மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி ஆகியவற்றை எந்த மாதத்தில் எவரிடம் கேட்பினும் தடையின்றிச் சொல்வர். அவை கடையில் வாங்கும் சரக்குகளுமாம். மழைக்கும் வெயிலுக்கும் அவை அசைவதில்லை. இலைக்கஞ்சிக்குரிய இலைகளோ அங்ஙனமல்ல. முசுட்டை, முல்லை, மொசுமொசுக்கை, முடக்கொத்தான், தவசிமுருங்கை, வல்லாரை என அவ்வீட்டு வழக்கப்படி அடுக்கிச் சொல்ல வல்லவரும், கோடையிற் கேட்டால் நாலைந்தோடு நிற்பர். அவரிடம் 'மருந்து' என்று கேளாது 'கஞ்சி' என்று கேட்டுப் பார்க்க. பெண்களுடைய மூலிகையறிவிற் பெரும்பகுதி வறையாகவும் சம்பலாகவும் இரசமாகவும் அடுக்களையில் இருக்கின்றது. பரியாரியாரையும் ஆண்மக்களையும் மட்டும் வினவி எழுதிய பட்டியல்கள் அவ்வறிவைத் தவறவிட்டமைக்குப் பருவத்தின்மேற் பழிபோடல் இயலாது.

நம் முன்னோர் இத்தடையை உணர்ந்து செய்தனரோ, உணராமலே செய்தனரோ, மறைந்த செடியை மனத்தில் நிறுத்தப் பல வழிகள் நம் வழக்கில் உள்ளன. அவற்றுள் ஒன்று பெயர். கீழ்க்காய்நெல்லி என்றவுடன் இலைக்காம்பின்கீழ் வரிசையாய்த் தொங்கும் காய்கள் செடியில்லாமலே தோன்றுகின்றன. முடக்கொத்தான் என்னும் பெயர் முடக்கறுத்தான் என்பதன் திரிபு என்பர். உருவம் மறந்தாலும் அதன் தொழிலை மறக்கமுடியாது. கார்த்திகைப்பூவின் பெயரிலே அது மலரும் மாதம் இருக்கின்றது. அதே கொடியைக் கலப்பைக்கிழங்கு என்றும் அழைப்பர். மேலே பூத்திருக்குங் காலத்துக்கு ஒரு பெயரும், மண்ணுள் ஒடுங்கியிருக்கும் காலத்துக்கு ஒரு பெயருமாக அதற்கு அமைந்திருத்தல் கருதத்தக்கது.

மற்றொன்று சமயச் சடங்கு. சித்திரைப் புத்தாண்டில் தேய்த்து நீராடுதற்குரிய மருத்துநீருக்குப் பஞ்சாங்கம் விதிக்கும் பொருள்களை நோக்குக: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விட்டுணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியன. விட்டுணுகிராந்தி போன்ற சிறு பூண்டைச் சித்திரை வெயிலில் தேடிப் பெறுதல் எளிதன்று. அவ்வருமையினாலேயே, அதன் பெயரும் அது முளைக்கும் இடமும் ஆண்டுக்கொருமுறை பேசப்படுகின்றன. ஆவணிச் சதுர்த்தியில் விநாயகருக்குச் சாத்தும் பத்திரங்கள் இருபத்தொன்று. அறுகு, வில்வம், நொச்சி, நாயுருவி, ஊமத்தை, எருக்கு, கண்டங்கத்தரி, கரிசலாங்கண்ணி எனப் பெரும்பாலும் மருந்துச் செடிகளே அவை. எண்ணைக் குறித்துவிட்டமையால், இருபதோடு நிறுத்த முடியாது. குறைந்த ஒன்றைத் தேடியே ஆகவேண்டும். எழுதுகோலுடன் வரும் ஆராய்ச்சியாளரின் பட்டியலுக்கு இவ்வெல்லை இல்லை. சொல்பவர் களைத்தவிடத்தில் அது முடிகின்றது. பருவங்கடந்த பெயர்வரிசைக்குத் தமிழிலே பேரெடுத்துக்காட்டு வேண்டின், கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டைச் சொல்லலாம். தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த மலர்களாக அதில் வரும் பெயர்கள் தொண்ணூற்றொன்பது. மழைக்கு மலரும் காந்தளும், பன்னீராண்டுக்கு ஒருமுறை கூட்டமாய்ப் பூக்கும் குறிஞ்சியும் ஒரே பாறைமீது குவிகின்றன. அஃது ஒருநாட் காட்சியன்று. பயின்ற நினைவின் தொகுதி. செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் யாழ்ப்பாணத்து வைத்திய நூல்களைச் செய்யுளாய் அமைத்தவர்களும், மனப்பாடம் செய்தவன் கோடையில் மறவான் என்பதை அறிந்தேயிருப்பர்.

இவ்வளவும் கூறியதன் காரணம், பருவத்தாற் பிழைபட்ட முடிபுகள் இன்று நம்மிடையே பெருகுதலேயாம். நம் பாடசாலைகளுக்கு வழக்கமான நீண்ட விடுமுறைகளுள் ஏப்பிரல், ஓகஸ்ட் ஆகிய இரண்டும் வறண்ட காலத்தன. மாணவர் ஊர்களுக்குச் சென்று செய்திகள் திரட்டுவது அவ்விடுமுறைகளிலேயே எளிது. கடல்கடந்து வாழும் பழைய மாணவர் பலர் பிள்ளைகளோடு ஊருக்கு வருவதும் நல்லூர்த் திருவிழாக் காலமாகிய ஓகஸ்ட் மாதத்தையொட்டியே. தாம் சிறுவயதில் அறிந்த பச்சிலைகளை ஆச்சியிடம் கேட்கின்றனர். அவர் சிலவற்றைச் சொல்லி, "மற்றதெல்லாம் இப்ப எங்கே, மோனை?" என்கிறார். காய்ந்த வேலியையும் அச்சொல்லையும் சேர்த்துப் பார்த்தவர், ஊரின் வைத்தியமரபு அழிந்தே போயிற்று என்று எழுதுகின்றார். ஆச்சி 'இப்ப' என்றது ஆவணி மாதத்தை. கேட்டவர் அதனை இந்த நூற்றாண்டு என்று கொண்டார்.

அறிவு உண்மையிலே குன்றியுள்ள இடங்களும் உள. அதனை மறைத்தல் நேர்மையன்று. 1990 இல் வலிகாமம் வடக்கினின்று பெயர்ந்தோரிற் பலர் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் தம் வளவுகளைக் காணவில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே புறப்பட்டது மாரி தொடங்கிய வேளை. பலர் மீண்டது 1996 ஏப்பிரலை அடுத்த கோடையில். வேலியோரத்துச் செடியை அவ்வேலியோடு சேர்த்து அறிந்தவர்க்கு, வேலி போனபின் செடியின் பெயரும் தொலைவிற் போய்விடுகின்றது. முகாமிற் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கோ மீட்பதற்கு நினைவே இல்லை. பருவத்தால் மறைந்ததையும் இவ்வாறு உண்மையில் இழந்ததையும் பிரித்தறியாத பட்டியல் இருசாராருக்கும் தீங்கு செய்கின்றது. அறிந்தவரிடம் கற்க எவரும் வருவதில்லை; அறியாதவருக்குக் கற்பிக்க எவரும் முனைவதில்லை.

உயிருக்கு இடர் விளையும் ஓரிடமும் உண்டு. கார்த்திகைப்பூக் கொடி கோடையில் முற்றும் மடிந்து, கிழங்கு மட்டும் மண்ணில் இருக்கும். அதனை வற்றாளங்கிழங்கென்றோ வேறு உண்ணத்தக்க கிழங்கென்றோ மயங்கி உண்டு நச்சுப்பட்டோர் செய்திகள் இலங்கை மருத்துவ ஏடுகளில் வந்துள்ளன. அதிலுள்ள கொல்கிசீன் என்னும் நஞ்சு கடும் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும், பிழைத்தவர்க்கும் சில நாளின் பின் தலைமயிர் உதிரும், உயிரிழந்தோரும் உளர். பூவைக் கண்டால் ஐந்து வயதுக் குழந்தையும் பெயர் சொல்லும் ஒரு கொடியை, பூவில்லாத மாதத்திற் கிழங்கைக் கொண்டு பெரியோரும் அறிய இயலாது போகின்றது. சித்த வைத்தியர் இதனைச் சுத்தி செய்தன்றி மருந்திற் சேர்ப்பதில்லை. பருவமறிந்து கற்பித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் காட்ட வேண்டியதில்லை.

ஆகவே இத்துறையில் ஈடுபட விரும்பும் மாணவருக்குச் சில சொல்வேன். ஒருவரை ஒருமுறை வினவி விடாதீர்கள். ஆவணியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் அவரிடமே செல்லுங்கள். இரண்டாம் முறை முதற்பட்டியலை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். திண்ணையில் இருத்திக் கேட்பதோடு அமையாது, இயலுமாயின் அவரை வேலியோரமாக நடத்திச் சென்று கேளுங்கள். நடக்க இயலாதவருக்குக் கொப்பொன்றை முறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். படத்திற் காட்டுவது அதற்கு அடுத்தபடியே: முகர்ந்தும் கசக்கியும் அறியும் இலைகளுக்குப் படம் ஊமை. சொன்ன பெயரையும் கண்டு சொன்ன பெயரையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ஊரின் பெயருக்குப் பக்கத்தில் மாதத்தையும், அவ்வாண்டு மழை முந்தியதோ பிந்தியதோ என்பதையும், வீட்டுக்குத் தோட்டமும் இறைப்பும் உண்டோ என்பதையும் குறித்துவையுங்கள். முதன்மழைக்குப் பின் மூன்று கிழமை விட்டுத் தொடங்கினால், டிசெம்பர் விடுமுறை முடிவதற்குள் இரு மாணவர் ஒரு குறிச்சியின் வேலிகளையெல்லாம் பார்த்து முடிக்கலாம்.